வாட்டம் எந்தப் பக்கம்?

நவம்பர் 3, சனி

படுக்கையறைச் சுவர் மறுபடியும் வியர்த்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சை. ஜன்னலைச் சாத்தினால் மகளுக்கு இருமல்; திறந்தால் குளிரில் வீடே நடுங்குகிறது. இதற்கென்று வாங்கிய காற்றோட்ட மெஷின் பெட்டியிலேயே கிடக்கிறது. பொருத்தத் தெரிந்தவன் என் தம்பி. அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் பேச்சு இல்லையே! அவனுடைய புதுக் காரைத் தூணில் உரசிவிட்டு, "தூண் ரொம்ப வெளிய நீட்டிட்டு நிக்குது" என்றாராம் இவர். மன்னிப்புக் கேட்டால் பல் கொட்டிவிடுமோ?

நவம்பர் 4, ஞாயிறு

தம்பியிடம் பேசினேன். "பாப்பாவுக்காக வரேன்க்கா. வேற யாருக்காகவும் இல்ல."

நவம்பர் 10, சனி

இருவரும் பரணில். நான் கீழே, ஏணியடியில்.

"அக்கா, குழாய இறுக்கிப் பிடிக்கச் சொல்லு."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

மேலே இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. நடுவில் நான் எதற்கு?

அறைகளுக்குப் போகும் காற்றுக்குழாய்கள் பெரியவை. சின்னதாய் இன்னொன்று: ஈரக்காற்று மெஷினுக்குள் குளிர்ந்து சொட்டும் தண்ணீரைக் குளியலறைச் சாக்கடைக்குக் கொண்டுபோக. தண்ணீர் ஓட அதற்குச் சரியான வாட்டம், அதாவது சரிவு, வேண்டுமாம். எனக்குத்தான் வாட்டமாக இருந்தது. பால் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். பால் வீட்டிலேயே இருந்தது.

திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. இவ்வளவு அமைதியாகவா?

நவம்பர் 13, செவ்வாய்

காலையில் இவர் படுத்திருந்த பக்கம் மெத்தை நனைந்திருந்தது. மகள் கேட்டாள்: "அப்பா, இந்த வயசுலயா?" அடுத்த சொட்டு மேலிருந்து இவர் வழுக்கையில் விழுந்துதான் மானத்தைக் காப்பாற்றியது.

நவம்பர் 14, புதன்

தம்பி வந்து பார்த்தான். சின்னக் குழாய் சாக்கடைப் பக்கம் சரியாமல் மெஷின் பக்கம் சரிந்திருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் நிரம்பி, கூரை வழியாக ஒழுகிவிட்டது. வாட்டம் எந்தப் பக்கம் என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இருவரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்: "நீ எதுக்கு அன்னிக்கு வெளிய போன?"

அடப்பாவிகளா! பழி என் தலையிலா? கத்திவிட்டேன். "பிள்ள இருமுது, வீடு ஒழுகுது, உங்க ரெண்டு பேருக்கும் வீம்பு பெருசா? இனி ஒரு வார்த்த நான் கடத்த மாட்டேன்!" கதவை அறைந்து சாத்திவிட்டு அழுதேன். அசிங்கமாக அழுதேன்.

நவம்பர் 15, வியாழன்

யாரோடும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

நவம்பர் 17, சனி

இருவரும் மறுபடி பரணில். படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூரையில் உள்ள காற்றுத்துளை வழியாகப் பேச்சு தெளிவாக இறங்கியது.

"மாப்ள, உன் பக்கம் இறக்கு."

"இறக்கிட்டேன்."

குழாய் உரசும் சத்தம். பிறகு இவர் குரல்: "அந்தத் தூண்... அது இருந்த இடத்துலதான் இருந்துச்சு, மாப்ள."

"தெரியும் அத்தான். டேப்பக் குடுங்க."

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

சுவர் காய்ந்துவிட்டது. மகள் இருமாமல் தூங்குகிறாள், மதியத்தூக்கம். வடிகட்டியைத் துடைக்க ஏறியவர்கள் இறங்கவே இல்லை.

"சின்ன வயசுலேருந்தே அக்கா இப்படித்தான் அத்தான். கத்துவா, அப்புறம் அவளே அழுவா."

"என்கிட்டயே சொல்றியா?"

ஒரே சிரிப்பு.

சத்தமில்லாமல் ஏணியை எடுத்து வாசலில் சாய்த்துவிட்டு வந்தேன். இன்னும் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.