ராஜத்தின் காதுக்கு மூன்று ஹெட்போன்

4-2-57, திங்கள்

பனி. எட்டு மணி வரை ஏரி கண்ணில் படவில்லை. மூட்டு வலி.

கஜேந்திரன் ரேடியோவைத் திருப்பிக் கொண்டுவந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை. பின்பலகையில் இரண்டு துளை போட்டு, ஹெட்போன் சொருக வழி செய்திருக்கிறான். கூடவே இரவலாக மூன்று ஹெட்போன்.

அ - பட்டாளத்துச் சரக்கு. கறுப்பு. நல்ல கனம்.
ஆ - பழையது. எஃகுப் பட்டை, தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது.
இ - ஜெர்மன். காதுப் பக்கம் மெல்லிய தோல். கப்பலில் வந்ததாம்.

"பத்து நாள் வெச்சிகினு கேளுங்க சார். அம்மாவுக்கு எது ஒத்துவருதோ அத்தை வெச்சிக்கங்க. ஜெர்மனை மட்டும் கீழ போட்றாதீங்க, நான் செத்தேன்."

காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். ராஜத்துக்கு இரண்டு வருஷமாகக் காது குறைந்துகொண்டே வருகிறது. அடுப்படியில் இருந்தபடியே, கூடத்து ரேடியோவில் ஆலாபனை தொடங்கிய கணத்தில் ராகத்தைச் சொல்லுகிறவள். இப்போது முழுதும் திருகி வைத்தாலும், "பேசறாங்களா, பாடறாங்களா?" என்கிறாள். போன மாதம் டாக்டர் சொன்னது: ஒலியைக் காதை ஒட்டியே வைத்துப் பாருங்கள். அப்போதும் எட்டாவிட்டால் என்னிடம் வேறு வழி இல்லை.

ஆக, இது கடைசிப் பரீட்சை. முதலில் நான் மூன்றையும் கேட்டுத் தரம் பிரிப்பது. சிறந்ததை அவளிடம் கொடுப்பது.

5-2, செவ்வாய்

காலை நாகசுரம். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்று பையன்களை ஒரே பாடத்தை வாசிக்கச் சொன்னது போல் இருந்தது. ஆ கத்துகிறான். அ முணுமுணுக்கிறான். இ பொருள் தெரிந்து வாசிக்கிறான். வித்வான் மூச்சு இழுப்பது கூட இ-யில் கேட்டது.

நாகசுரம்: இ 80, அ 50, ஆ 20.
தவில்: அ 70. இடி இடியாக. இ 65.
சினிமாப் பாட்டு, மத்தியானம், கொழும்பு ஸ்டேஷன்: ஆ 60! எதிர்பார்க்கவில்லை. குரல் முன்னே வந்து நிற்கிறது, வாத்தியமெல்லாம் கடைசி பெஞ்சு. சொல் ஒவ்வொன்றும் தெளிவு.

உப்பு வாங்க மறந்தேன். பக்கத்து வீட்டில் இரவல்.

6-2, புதன்

சாயங்காலம் வீணைக் கச்சேரி. இ 90. விரல் மெட்டின் மேல் உராய்வது கேட்கிறது. அ 60, சற்று மூக்கடைப்பு. ஆ-வில் வீணை என்று தெரிந்ததே பெரிது.

பிறகு வெளிநாட்டு பாண்டு வாத்தியம், சிற்றலையில். பாதி இரைச்சல். அ-வே மேல்.

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வேலி ஓரம் நின்று, "இன்னா வாத்தியாரய்யா, ரெண்டு நாளா வூடு அமைதியா கீது. ரேடியோ பேஜாராய்டுச்சா?" என்றார். குரலில் வருத்தமே இல்லை.

முடிவு: ஜெர்மன்.

8-2, வெள்ளி

ராஜத்துக்கு இ-யைக் கொடுத்தேன். மறுபடியும் வீணை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிவு பலகை முன்னால் நிற்கும் தகப்பனைப் போல.

"கொசு மாதிரி ஏதோ."

முழுதும் திருகினேன்.

"கொசு கொஞ்சம் கிட்ட வந்துது."

அ. அதேதான். ஆ. அதேதான். கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"விடுங்க. இத்தனை வருஷம் கேட்டாச்சு, போதும்."

விளக்கேற்றப் போய்விட்டாள். மோர் மட்டும் குடித்தேன்.

10-2, ஞாயிறு

மாமல்லபுரம், ராஜத்தின் தங்கை தனத்தின் வீடு. அவள் பேரனுக்கு மொட்டை. பஸ்ஸில் நெரிசல். சாப்பாடு நன்று, பாயசத்தில் இனிப்பு அதிகம்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் கடற்கரைக்குப் போனோம். பெரிய அலை. வலை இழுப்பவர்கள் கத்திப் பேசியும் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. ராஜம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குக் கடல் அமைதியா இருக்கு, இல்லீங்க?"

அந்த நேரம் ஒரு அலை வந்து என் வேட்டியை முழங்கால் வரை நனைத்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். முப்பத்தைந்து வருஷம் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவன்.

11-2, திங்கள்

மூன்றையும் எடுத்துக்கொண்டு போகும்படி கஜேந்திரனுக்கு ஒரு கார்டு எழுதினேன். தபாலில் போடவில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

12-2, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி. இன்னும் ஒரே ஒரு தடவை என்று ராஜத்தைக் கெஞ்சி இ-யை மாட்டச் சொன்னேன். அப்போது அஞ்சலை வந்தாள். மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து நம் தெருவில் விற்பவள். கூடையை வாசற்படியில் இறக்கினாள்.

"இன்னாம்மா, டெலிபோன் ஆபீசுல வேலைக்குச் சேந்துட்டியா?"

ராஜத்துக்குக் கேட்கவில்லை. சங்கதியைச் சொன்னேன். அஞ்சலை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இங்க வா. அம்மா இத்தைக் காதுலயா வெச்சிகினு கீது? காத்துலல்ல வெச்சிகினு கீது!"

பார்த்தேன். ஒரு விரற்கடை இடைவெளி. இரண்டு கையாலும் காதிலிருந்து தள்ளியே பிடித்திருக்கிறாள். காரணம் தோடு. ஏழு கல் தோடு, பின்னால் திருகு, மேலே மாட்டல்.

ஏன் என்று கத்திக் கேட்டேன்.

"அழுத்தினா கல்லு பேந்துடும். திருகு வேற பின்னால குத்துது."

கழற்றிவிட்டுக் கேட்கலாமே என்றேன். முறைத்தாள்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ தோட்டை எதுக்குங்க கழட்டணும்?"

என் காது மொட்டைக் காது. அதை வைத்து இரண்டு நாள் மார்க் போட்டிருக்கிறேன். கேள்வியும் நான், விடையும் நான், திருத்தியதும் நான். பரீட்சை மட்டும் அவளுக்கு.

அஞ்சலை தலையிலிருந்து துணிச் சும்மாட்டை எடுத்துக் காட்டினாள். "கூடை குத்துதுன்னு கூடையைத் தூக்கிப் போட்டுடறமா? இதுக்கும் ஒண்ணு சுத்து, தோடு நடுவுல உக்காரட்டும்." ராஜத்தின் பழைய புடவையைக் கிழித்து, பெருவிரல் கனத்தில் முறுக்கி, காதைச் சுற்றி உட்காரும்படி இரண்டு வளையம். ஜெர்மனின் தோலில் மீன் வாசனை. கஜேந்திரன் என்னை மன்னிக்கட்டும்.

ரேடியோவில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ராஜம் மாட்டினாள். இந்தத் தடவை அழுத்தி.

இடது வளையத்தைக் கொஞ்சம் திருப்பி உட்காரவைத்தாள்.

"தம்புரா," என்றாள்.

பிறகு, "மோகனம்."

பிறகு, "மேல போறப்போ பொண்ணுக்கு மூச்சு பத்தல."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

"பாட்டு இருக்கட்டும், சங்கரா வாங்கறியா இல்லியா? வெயிலேறுது," என்றாள் அஞ்சலை. இரண்டு பேருக்கு எதற்கு அத்தனை மீன், வாங்கிவிட்டேன்.

கார்டைக் கிழித்துப் போட்டேன்.

13-2, புதன்

நன்றாகத் தூங்கினேன். டாக்டரிடம் போய்வந்தோம். இடது காதில் கேட்கும் சக்தி பாதி மிச்சம், வலதில் கொஞ்சம். "மிச்சம் இருக்கு, அதை வெச்சுக் கேளுங்க" என்றார். நேரில் பேசும்போது இன்னும் கத்தத்தான் வேண்டும். பரவாயில்லை. கத்திப் பழகிய தொழில்தான்.

வளையத்தை மூன்றுக்கும் மாற்றி மாற்றிக் கட்டிக் கேட்டாள். என் பட்டியலை வாங்கிச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள்.

வீணை: அ. "மடியில வெச்சு வாசிக்கற மாதிரி இருக்கு." என் 90 போயிற்று.
நாகசுரம்: அ.
சினிமாப் பாட்டு: ஆ. இதில் மட்டும் ஒரே கட்சி.
ஜெர்மன்: "எல்லாம் இருக்கு. ஆனா நாலாவது வரிசையில உக்கார வெச்சுட்டாங்க."

வாதாடினேன். விரல் உராய்வது, மூச்சு இழுப்பது, எல்லாம் சொன்னேன்.

"நீங்க மூச்சைக் கேட்டு மார்க் போட்டிருக்கீங்க. நான் பாட்டைக் கேட்டேன்."

15-2, வெள்ளி

லேசான தூறல், மாசியில்! இ-யையும் ஆ-வையும் திருப்பிக் கொடுத்தேன். கஜேந்திரன் ஜெர்மனை முகர்ந்து பார்த்தான். "இன்னா சார், கடலுக்குள்ள எறங்கி வந்துச்சா?" நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். வாசனை போக வெயிலில் வைக்கிறானாம்.

திரும்பி வந்தேன், மணி நாலரை. ராஜம் ரேடியோ பக்கத்தில், பட்டாளத்து ஹெட்போனும் புடவை வளையமுமாக, தொடையில் தாளம்.

காப்பி கேட்டேன். திரும்பவே இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.