துரையும் வெள்ளிக்கிழமை மெழுகலும்

29.7.61 சனி

காலை முதல் காற்று. இந்த ஆடிக் காற்றில் தெருவில் பாவு நூல் விரிக்க முடியாது என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வசதியாகப் போயிற்று. சொல்லிக்கொள்ளாமல் அகரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நான்கை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். மிச்சம் ஒன்று, ஆண். கருப்பு உடம்பு, நான்கு காலிலும் காலுறை மாட்டியதுபோல் வெள்ளை. துரை என்று அங்கேயே பேர் வைத்துவிட்டேன். பனையோலைக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டிக் கொண்டுவந்தேன்.

கண்டக்டர்: "என்னம்மா, கூடை மொனகுது?"

"கோழி."

"கோழி இப்படியா மொனகும்?"

"அகரத்துக் கோழி இப்படித்தான் மொனகும்."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இவர் பார்த்தார். தறி நிற்கவில்லை. எங்கள் மகள் செல்வியைப் பெண் பார்க்க ஆள் வந்தபோதே கையில் இருந்த கரையை முடித்துவிட்டுத்தான் தறிக்குழியை விட்டு ஏறிய மனிதர். நாய்க்குட்டிக்கா நிறுத்துவார்.

"இது எதுக்கு?"

"வீட்டுக்குக் காவல்."

"வீட்டுல என்ன கொட்டிக் கெடக்குன்னு காவல்?"

பதிலை இங்கே எழுதுகிறேன். வைகாசியில் செ. கல்யாணமாகி வத்தலக்குண்டு போனதிலிருந்து வீட்டில் தறிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. பகலெல்லாம் டக் டக். என்னை "அம்மா" என்று கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. இந்த நோட்டும் அவள் பாதியில் விட்டுப்போன பள்ளிக்கூட நோட்டுதான்.

30.7 ஞாயிறு

காற்று. தூசி. இன்று துரை ஈரம் பண்ணிய இடங்கள்: அடுப்படி. ஆட்டுக்கல் ஓரம். என் முந்தானை. மறுபடி அடுப்படி. பாய் (இரண்டு தடவை).

சாயங்காலம், தறிக்குழி.

இவர் குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையில் வைத்தார். வைத்த காலைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "ஏன்டி, மனுசன் உக்காந்து பொழைக்கிற குழிடி இது!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாயில் சேலையைத் திணித்துக்கொண்டேன். குழிக்குள் குளிர்ந்த மண். அதன் கண்ணுக்கு அது தோதாகப் பட்டிருக்கிறது. நாயாக இருந்தால் நானும் அங்கேதான் போவேன்.

கழுவிவிட்டு வந்து சொன்னார்: "இன்னொரு வாட்டி என் நூல் பக்கம் ஈரத்தைப் பாத்தேன்னா, மாரிக்குக் கார்டு எழுதிப் போட்டுருவேன். தோட்டத்துக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்ல."

மாரி என் தம்பி. சேவுகம்பட்டியில் வெங்காயம் போடுகிறான். தங்கமான பிள்ளை. ஆனால் அவன் தோட்டத்து நாய்களை நான் கயிறு இல்லாமல் பார்த்ததே கிடையாது. இவர் சொன்னால் செய்கிறவர். பயமாக இருக்கிறது.

31.7 திங்கள்

பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து ஒரு வழி சொன்னாள்: "மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ச்சு விடுக்கா. மறுநா சொன்னபடி கேக்கும்."

தேய்த்தேன். என்னை அண்ணாந்து பார்த்தது. பிறகு அதே மூக்கால் என் கையை நக்கியது. சீ என்று ஆகிவிட்டது. இனி அந்த வேலை இல்லை. செ.யை ஒரு அடி அடித்து வளர்க்கவில்லை, இதையா அடிப்பேன்.

1.8 செவ்வாய்

நாள் முழுக்க அதன் பின்னாலேயே அலைந்தேன். சேலைக்குப் போட வேண்டிய சுங்குடி முடிச்சு அப்படியே கிடக்கிறது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

தூங்கி எழுந்ததும் ஒன்று. தின்ற கொஞ்ச நேரத்தில் ஒன்று. ஓடி விளையாடி நின்றால் ஒன்று. போகுமுன் தரையை மோந்துகொண்டு ஒரு சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்றிலேயே தூக்கிவிட வேண்டும். கொல்லையில் ராக்கம்மா மாட்டுச் சாணம் கொட்டுகிற எருக்குழி இருக்கிறது. அதன் விளிம்பில் கொண்டுபோய் விட்டால் காரியம் முடிகிறது. முடிந்ததும் ஒரு துண்டு கருவாடு.

எட்டாவது படித்தவள் கண்டுபிடித்தது!

3.8 வியாழன்

காற்று கொஞ்சம் குறைந்தது. வெங்காயம் விலை ஏறியிருக்கிறது, மாரி சந்தோஷமாக இருப்பான். கால் விரலில் முள்.

காலையிலிருந்து படுக்கிறவரை வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை!! மத்தியானம் கொல்லைக் கதவுக்குத் தானாகவே ஓடிப்போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பெருமை தாங்கவில்லை. ராக்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவரிடமும் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதும்.

4.8 வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

ஆடி வெள்ளி. விடிந்ததும் ராக்கம்மாவிடம் சாணி வாங்கி நடுவீடு முழுக்க மெழுகினேன். பச்சை மணம். கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தால், துரை வாசல்படியில் நின்று மோந்து பார்க்கிறது. நேராக நடுவீட்டுக்கு வந்தது. சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கோலத்தின் மேலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு கருவாட்டுக்கு என் கையைப் பார்த்தது.

அந்த ஈரம் ஓடி, சுவரோரம் இருந்த நூல் கட்டின் அடியை நனைத்துவிட்டது.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நூலை எடுத்துக் கொடியில் போட்டார். கார்டு எடுத்து எழுதினார். தானே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். இன்று இன்னும் இரண்டு தடவை, இரண்டும் நடுவீட்டில்தான். ராக்கம்மா, "நேத்து அம்புட்டுப் பேசுனியேக்கா" என்றாள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

5.8 சனி

மடச்சி நான். நானேதான்.

காலையில் எருக்குழிக்குத் தூக்கிப் போனேன். சாணி வாடை பட்டதுதான் தாமதம், உட்கார்ந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். நேற்று அடுப்படி மெழுகவில்லை, அடுப்படியில் ஒன்றும் இல்லை. நடுவீடு மெழுகினேன், மூன்று தடவையும் நடுவீட்டில். சாணி வாடை வருகிற இடம்தான் போகிற இடம் என்று நான்கு நாளாகக் கருவாடு கொடுத்துப் படிப்பித்தது யார்? பிறகு அந்தச் சாணியையே அள்ளி வந்து வீடெல்லாம் பூசியது யார்?

துரை தப்புப் பண்ணவில்லை. சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் படித்ததே! வாத்தியார்தான் மக்கு.

இவரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "கார்டு போயிருச்சு. வெள்ளிக்கெழம மாரி வருவான்" என்றார்.

ஆறு நாள் இருக்கிறது.

7.8 திங்கள்

எருக்குழிப் பக்கமே போவதில்லை. முருங்கை மரத்தடியில் மணல் கொட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் அங்கே.

இன்னொரு யோசனை. சோறு தின்கிற இடத்தில் எந்த நாயும் போகாது. அதனால் நடுவீட்டில் தட்டு அகலத்துக்குப் பச்சைச் சாணி மெழுகி, அதன் மேல் சட்டியை வைத்துச் சோறு போடுகிறேன். முதல் நாள் குழம்பிப்போய் மோந்தது, என்னைப் பார்த்தது. பிறகு தின்றது.

ராக்கம்மா: "நாய்க்கு மெழுகி எலை போடுற வீட்டை இப்பத்தான் பாக்குறேன்."

"நல்லாப் பாத்துக்க. ஊருக்கெல்லாம் சொல்லு."

9.8 புதன்

மெழுகும் இடத்தை முறம் அளவுக்குப் பெரிதாக்கினேன். அதன் மேல் சாக்கை விரித்துத் தூங்க வைத்தேன். எழுந்தது, கொல்லைக் கதவுக்கு ஓடியது. நேற்றும் இப்படித்தான். மாரியிடமிருந்து கார்டு: வெள்ளி மத்தியானம் வருகிறேன், கயிறு கொண்டுவருகிறேன்.

செ.க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். துரையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

10.8 வியாழன்

துரையிடம் இன்றும் தப்பு இல்லை. சந்தோஷமும் இல்லை. நாளைக்கு வீடு முழுக்க மெழுக வேண்டும். மெழுகாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆடி வெள்ளி. அதோடு, ஏமாற்றி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை.

11.8 வெள்ளி

பேய்க் காற்று. கொல்லைக் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தோம்.

நடுவீடு, அடுப்படி, ஒரு மூலை விடாமல் மெழுகினேன். வேண்டுமென்றே கெட்டியாக. கோலம். காலையில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் மாரி வந்தான். தோளில் புதுக் கயிறு. "எங்கக்கா என் நாய்?" என்றான். உன் நாயா என்று கேட்க வாய் வந்தது. சோறு போட்டேன். துரையும் தன் சட்டியில் தின்றது, மாரி காலடியிலேயே படுத்துத் தூங்கியது. "வெளஞ்ச பயதான், தோட்டத்துக்கு ஆவான்" என்று அதன் கழுத்தை அளந்து பார்த்தான்.

பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மாவு. துரை எழுந்தது. சோம்பல் முறித்தது. நடுவீட்டுக்கு நடந்து, பச்சைத் தரையில் மூக்கை வைத்தது.

ஒரு சுற்று.

என்னால் அசைய முடியவில்லை. தறிச் சத்தம் நின்றது. இவரும் பார்க்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

துரை தலையைத் தூக்கியது. கொல்லைக் கதவுக்கு ஓடியது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. முன்னங்காலால் பிறாண்டியது. திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. மாரி பணியாரத்தின் நினைப்பில் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் கையை உதறிக்கொண்டு எழுவதற்குள், இவர் தறியில் பாதி ஓடிய நாடாக்கட்டையை அப்படியே விட்டுவிட்டுக் குழியை விட்டு ஏறினார். பாதிக் கரையில்! போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். அந்தக் காற்றில், முருங்கை அடியில் அது முடிக்கிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செ.க்கு என்ன எழுதுவதென்று இப்போது தெரியும். அவள் நம்ப மாட்டாள்.

உள்ளே வந்து மறுபடி குழியில் இறங்கினார். மாரி, "அப்ப நான் கெளம்பட்டுமா மச்சான், வெயில் தாழ?" என்று கயிற்றை எடுத்தான்.

"கயித்த வச்சிட்டுப் போ மாப்ளே. கெணத்துக்கு ஆகும்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் புகை என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. தறி ஓட ஆரம்பித்தது. நான்கு இழை ஓடியிருக்கும், மறுபடி நின்றது.

"ஏ பிள்ள, ஆசாரியக் கூப்புட்டு அந்தக் கொல்லைக் கதவுல அடிப்பலகை ஒண்ண அறுத்து விடச் சொல்லு. அதுவாப் போயிட்டு வரட்டும். ஒவ்வொரு வாட்டியும் நான் ஏறி எறங்க முடியுமா?"