அல்லியங்கோதையாரின் அறைக் குளிர் பற்றிய ஓலை

உப்பங்கரை நாட்டுக்கு நலமே விளைக. கலங்கள் கரை சேர்க. குடிகள் பசியின்றி உறங்குக. ஏழு துறைகளுக்கும் உரியவரும், சங்குக்கொடி உயர்த்தவரும், அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடாதவர் என்று பாடப்பெற்றவருமாகிய பெருந்துறைக்கோ மன்னர் திருமுன், அவருடைய அயல்நாட்டு அமைச்சன் சாத்தன் எயினன், வெண்கோட்டு எல்லையிலுள்ள நம் கணவாய்க் கோட்டையிலிருந்து, மார்கழித் திங்கள் பதினேழாம் நாள் உச்சிப்பொழுதில் எழுதி விடுக்கும் ஓலை.

நட்பு நாட்டு மன்னரையும் அவர்தம் குடிகளையும் வாழ்த்தித் தொடங்குவது இத்தகைய ஓலைக்கு வழக்கம். வெண்கோட்டுக் குடிகளை வாழ்த்துகிறேன். அவர்களுடைய மன்னரும் தங்கள் மருகருமாகிய நெடுவரையரை வாழ்த்தக் கை எழவில்லை. அந்தக் குறையைப் பொறுத்தருள்க.

தங்கள் மகளார் அல்லியங்கோதையார் நலமாக இருக்கிறாரா என்று நேரில் கண்டு வரும்படி அடியேனை அனுப்பினீர்கள். உயிரோடு இருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல்லில் விடை எழுத இயலாமையால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தாங்கள் அந்நாட்டைக் கண்டதில்லை ஆதலால் முதலில் ஒன்றை விளக்க வேண்டும். வெண்கோட்டில் ஆண்டுக்கு எட்டுத் திங்கள் பனி. அரண்மனைத் தளத்தின் அடியில் நெருப்பறைகள் இருக்கின்றன. அங்கிருந்து வெப்பக்காற்று குழாய்கள் வழியே ஒவ்வொரு அறைக்கும் ஏறுகிறது. எந்த அறைக்கு எவ்வளவு வெப்பம் என்பதைத் தீர்மானிப்பது சுவரில் பதித்த ஒரு சாண் அகலக் கருங்கண்ணாடிப் பலகை. விரல்நுனியால் தொட்டால் அதில் எண்கள் ஒளிரும். விரலை மேலே நகர்த்தினால் வெப்பம் கூடும். கீழே நகர்த்தினால் குறையும். விடியலில் இவ்வளவு, உச்சியில் இவ்வளவு, உறங்கும்போது இவ்வளவு என்று ஏழு நாளுக்கும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். குறித்தவர் மறந்தாலும் பலகை மறவாது. அந்நாட்டு யந்திரத் தச்சர்கள் செய்த அரிய பொருள் அது. வசதியுள்ள வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சூட்டுப் பலகை என்று அழைக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மணமாகிச் சென்ற முதல் வாரத்தில், நெடுவரையரே தம் மனைவியின் விரலைப் பிடித்து அந்தப் பலகையைத் தொடக் கற்றுக்கொடுத்தாராம். இந்த அறை இனி உன் விரலுக்கு அடங்கும் என்று சொன்னாராம். அல்லியங்கோதையார் அன்றே விடியற்பொழுதுக்கு இருபத்தெட்டு என்று குறித்து வைத்தார். அது நம் கரையில் பொழுது புலரும்போது இருக்கும் வெம்மை. அந்நாட்டுப் பணிப்பெண்கள் வியர்த்துப்போய் முந்தானையால் விசிறிக்கொண்டதையும், தாம் சிரித்ததையும், கணவரும் கூடச் சிரித்ததையும் அடியேனிடம் சொன்னார். ஒரு திங்கள் காலம் அவர் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் விறகுவெட்டிகள் அவைக்கு வந்து, அரண்மனை நெருப்பறைகளுக்கே மரமெல்லாம் போய்விடுவதால் தங்கள் குழந்தைகள் குளிரில் கிடக்கின்றன என்று முறையிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அல்லியங்கோதையார் அவையிலேயே சொன்னார். மன்னர் புன்னகை செய்தார். மறுநாள் விடியலில் தங்கள் மகளார் கண் விழித்தபோது அவர் விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது. பலகையில் ஒன்பது என்ற எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய் விரலால் இருபத்திரண்டுக்கு நகர்த்தினார். எண் ஏறியது. கையை எடுத்ததும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக இறங்கி மீண்டும் ஒன்பதில் நின்றது. நான்கு முறை ஏற்றினார். நான்கு முறையும் இறங்கியது. ஐந்தாம் முறை பலகை அவர் விரலை அறியவே இல்லை.

கணவரிடம் சொன்னபோது, யந்திரம் பழுதாகியிருக்கும் என்று வருந்தித் தச்சரை அனுப்பினார். தச்சர் தட்டிப் பார்த்து, துடைத்துப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாராமலே போய்விட்டார். மன்னரின் அறையில் இதற்கு இணையான பலகை ஒன்று இருக்கிறது என்பதும், அங்கே படும் விரல்தான் இங்கே ஆளும் என்பதும் தங்கள் மகளாருக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று. அதற்குள் அவர் தம் அறிவையே ஐயுறத் தொடங்கியிருந்தார். கரைநாட்டு உடம்பு, கற்பனைக் குளிர் என்று அந்தப்புரத்துப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். வெள்ளைச்சி என்ற பணிப்பெண் ஒருத்தி மட்டும் மனம் பொறாமல், சுட்ட கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதன் பின் அவர் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். உணவுக்கு அழைத்தபோது தலைவலி என்று போகாதிருந்தால் பன்னிரண்டு. அவையில் கேளாமல் பேசினால் ஒன்பது. நம் நாட்டு வணிகரைக் கண்டு ஊர்ச்செய்தி கேட்டால் ஏழு. கணவர் மனம் மகிழ நடந்துகொண்டால் இருபத்திரண்டு. எவரும் எதையும் வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லையும் பேசுமுன் அவர் கண் தானாகச் சுவருக்குப் போகிறது. தங்கள் மகளார் சிறுமியாக இருந்தபோது அவைக்கூடம் அதிரப் பேசுவார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இவ்விடத்தில் அடியேன் ஒன்றை மறைத்தல் ஆகாது. அவர் தங்களுக்கு இரண்டு ஓலை எழுதினார். இரண்டிலும் குளிர் தாங்கவில்லை என்றே எழுதினார். மலைநாட்டுக் குளிர் எவருக்கும் முதலில் கடுமையாகத்தான் இருக்கும், கம்பளி உடுத்துக, போகப்போகப் பழகிவிடும் என்று நாம் மறுமொழி அனுப்பினோம். தாங்கள் முத்திரையிட்டீர்கள். எழுதியது இந்தக் கை. சொற்கள் அழகாக அமைந்தன என்று அன்று மகிழ்ந்துகொண்டதும் நினைவிருக்கிறது. அந்த மறுமொழிக்குப் பின் அவர் எழுதவில்லை.

அடியேன் அரண்மனையை அடைந்த இரண்டாம் நாள் முற்பகலில் அவரைக் காண இசைவு கிடைத்தது. வாயிலில் ஒரு பணிப்பெண் நின்றாள். அறை இதமாக இருந்தது, பலகையில் இருபத்திரண்டு. அவர் மெலிந்திருந்தார், கைவிரல் கணுக்கள் வெடித்திருந்தன. நம் ஊரில் இவ்வாண்டு மீன்பாடு எப்படி என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். வாயிலில் நின்ற பெண் அங்கிருந்து அகன்று போனாள். சற்று நேரத்தில் எண் பத்தொன்பது ஆயிற்று, பிறகு பதினைந்து, பிறகு பதினொன்று. அதன்பின் அவர் சொன்னவற்றை அரசவைத் தமிழாக மாற்ற மனம் வரவில்லை. சிறுமியாய் இருந்தபோதிலிருந்து அடியேனைப் பெரியப்பா என்றே அழைக்கும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன்.

"மெதுவாப் பேசுங்க, பெரியப்பா. ஊரப் பத்திப் பேசினா அவருக்குப் பிடிக்காது."

வேறு எங்கேனும் போய்ப் பேசுவோமா என்று கேட்டேன்.

"எங்க போனாலும் திரும்பி இங்கதானே வரணும்? அவர் என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல, பெரியப்பா. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. அடிச்சிருந்தாலாவது காட்டலாம். குளிருதுன்னு சொன்னா யாரு கேப்பாங்க? அப்பாவே கேக்கலியே."

குழந்தை எங்கே என்று கேட்டேன். தங்களுக்குப் பேத்தி பிறந்து நான்கு திங்கள் ஆகிறது. நித்திலம் என்று தாயார் பெயரிட்டிருக்கிறார். மன்னர் இருக்கும் பகுதியில், செவிலியின் பொறுப்பில் வளர்கிறது. அதை எவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

"எங்கூட இருந்தப்ப அவளுக்கு மார்ச்சளி வந்துடுச்சு. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அங்க சூடா இருக்கு. நானே தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். நானே. ஒரு நாளைக்கு ஒரு நாழிகை பாக்க விடறாங்க. போதும்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் அடியேனுக்கு எளிதாக இருந்திருக்கும். பணிப்பெண் திரும்பி வந்து நின்றதும், தங்கள் மகளார் குரலை உயர்த்தி வெண்கோட்டுத் தோட்டங்களைப் புகழத் தொடங்கினார். எண் பதினொன்றிலேயே நின்றது, கீழே போகவில்லை.

மூன்றாம் நாள் அடியேன் நெடுவரையரைத் தனியே கண்டு, நாகரிகம் குன்றாமல், ஆனால் எதையும் ஒளிக்காமல் கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. தமது கையாலேயே பழம் நறுக்கித் தந்தார். மண உடன்படிக்கையின்படி கணவன் கை ஓங்கினால் மனைவி தாய்நாடு திரும்பலாம் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், தமது கை என்றும் ஓங்கியதில்லை என்பதை அரண்மனை முழுதும் சான்று சொல்லும் என்றும், காயம் எங்கேனும் இருந்தால் மருத்துவரைக் கொண்டு காட்டலாம் என்றும் கூறினார். மேலும், தமது வீட்டின் வெப்பத்தைத் தாம் கூட்டுவதும் குறைப்பதும் எந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம் என்று வினவினார். தேவியார் போக விரும்பினால் தடுப்பவர் எவருமில்லை என்றும், குழந்தை மட்டும் வெண்கோட்டுக் குலத்துக்கு உரியது என்றும் முடித்தார். அடியேன் முப்பத்தோராண்டு தூது சென்றவன். தந்த பழத்தைத் தொடாமல் எழுந்து வந்தது அன்றே முதல் முறை. அவர் சொன்னவற்றில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. உடன்படிக்கையின் அந்த வரியை எழுதியவனும் அடியேனே.

அந்தப் பேச்சின் பயனாக, நான்காம் நாள் குழந்தையைக் காணும் நாழிகை தங்கள் மகளாருக்கு மறுக்கப்பட்டது. குழந்தை உறங்குகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாளும் அவ்வாறே. அன்று பிற்பகல் அவர் அடியேனைத் தோட்டத்துப் பனியில் நிற்க வைத்துப் பேசினார். அறையைக் காட்டிலும் அங்கே குளிர் குறைவு என்றார்.

"நீங்க புறப்பட்டுடுங்க, பெரியப்பா. நீங்க இருக்கிற ஒவ்வொரு நாளும் எம்பொண்ண நான் பாக்க முடியாது. நல்லது பண்ணத்தான் வந்தீங்க, தெரியும். கோவமில்ல. ஆனா போயிடுங்க."

தந்தைக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

எட்டு நாள் தங்க இசைவு இருந்தும் ஆறாம் நாள் புறப்பட்டேன். வாயிலில் நெடுவரையரே வந்து வழியனுப்பினார். மாடத்தில் தங்கள் மகளார் குழந்தையோடு நின்றார். புறப்பாடு உறுதியானதும் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அடியேன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குழந்தையின் தலையில் முகம் புதைத்திருந்தார். நாட்டை விட்டு அடியேன் அகன்றதே அவருக்கு அடியேன் செய்ய முடிந்த உதவி.

மன்னர் பெருமானே, படை எடுக்கத் தாங்கள் எண்ணலாம். வேண்டாம் என்று விண்ணப்பிக்கிறேன். கணவாயில் நம் படை தோன்றும் முன்பே அந்தச் சிறு நாழிகையும் போய்விடும். குழந்தை எங்கே ஒளிக்கப்படும் என்பதை எவரும் அறியார். நடுவரை அழைக்கலாம், அவர்கள் காயம் கேட்பார்கள். மீண்டும் ஓலை அனுப்பலாம். என்ன எழுதுவது என்று அடியேனுக்குத் தெரியவில்லை. வழிநெடுகச் சிந்தித்தும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு நாடுகளுக்கும் நன்மை என்று அவையில் எழுந்து நின்று இம்மணத்தைப் புகழ்ந்தவன் ஒருவன் அடியேனுக்குள் இருந்தான். அவனை இன்று தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். அதுவும் குற்றம். கணவன் தந்த வழியோலை இல்லாமல் வெண்கோட்டு அரசகுலப் பெண் எவரும் இந்தக் கணவாயைக் கடக்கலாகாது என்பது இருநாட்டு உடன்படிக்கை. அதை மீறி இக்கோட்டைத் தலைவன் கொற்றனுக்கு அடியேன் முத்திரையோடு ஓர் ஆணை இட்டிருக்கிறேன். அதன் விளைவு போராயினும் பழியாயினும் அடியேன் தலைமேல் வருக. தங்களுக்கு ஏற்பில்லையெனில் அதை நீக்கலாம். இவ்வோலை தங்களை அடைய ஐந்து நாளும், தங்கள் மறுமொழி இங்கே வர ஐந்து நாளும் ஆகும். அந்தப் பத்து நாளாவது ஆணை நிற்கும். தங்கள் மகளார் வருவார் என்று அடியேன் எழுதவில்லை. குழந்தையை விட்டுவிட்டு வரமாட்டார். குழந்தையோடு வர விடமாட்டார்கள். இதை அறிந்தே ஆணையிட்டேன். அமைச்சர் முத்திரை மோதிரத்தை இவ்வோலையோடு திருப்பி அனுப்புகிறேன். கீழே பதிந்திருப்பது அதன் கடைசிப் பதிவு.

ஆணையின் படி ஒன்று தங்கள் பார்வைக்கு இதனுடன் எழுதப்படுகிறது:

கணவாய்க் கோட்டைத் தலைவன் கொற்றன் அறிக. வெண்கோட்டிலிருந்து வரும் மேற்கு வழியில் ஒரு பெண், குழந்தையோடேனும் தனியேயேனும், எந்தப் பொழுதில் வந்தாலும் வாயில் திறக்கப்படுக. பெயர் கேட்கற்க. வழியோலை கேட்கற்க. பின்னே வருவோர் எவராயினும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுக. வந்த பெண்ணை அடுப்பருகில் அமர்த்தி, விறகை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நீ வெளியே நில். எவ்வளவு எரிய வேண்டும் என்பதை அவரே வைத்துக்கொள்வார்.

இவை சாத்தன் எயினன் எழுத்து. முத்திரை இடப்பட்டது.