எட்டாவது படிக்கிறவளுக்கு லீவு இல்லை

மார்ச் 9

அன்புள்ள மானிட்டருக்கு,

நலம். நீயும் நம் பெண்ணும் நலமா என்று நிஜமாகவே கேட்கிறேன், போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் வராது என்று சொன்னது நீதான். எழுதாமலே இருந்தால் சண்டை அறவே வராது என்று கண்டுபிடித்துவிட்டாயோ என்னவோ.

பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது. பன் ஒரே சீராக வேகிறது. கருகினதை எடுத்துத் தின்னும் யோகம் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்ததிலிருந்து பெரிய லீவு எனக்கு என்பது ஏற்பாடு. ஏழாவது பரீட்சை எப்போது முடிகிறது? மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன். போன வருஷம் கால் இடிக்கிறது என்றாளே, இது நீளமானது. நீ பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரன்


மார்ச் 17

பேக்கரிக்காரருக்கு,

பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை, ஆஸ்பத்திரி லேப். இரண்டு பேர் வரவில்லை. ரத்தம் எடுப்பதும் நான், சோதிப்பதும் நான். வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கத் தெம்பு இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமலும் தள்ளிப்போட்டேன். இந்த லீவுக்கு அவளை அனுப்ப முடியாது. பத்தாவது பொதுத்தேர்வுக்கான பாடத்தை இதுவரை ஒன்பதாவதில்தான் தொடங்குவார்கள். இனி எட்டாவதிலேயே தொடங்குகிறார்களாம். லீவிலேயே வகுப்பு. பள்ளி திறந்த பிறகு திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஏழு வரை. பொதுத்தேர்வில் இல்லாத பாடங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவள் ஓவியத்தையும் பாட்டையும் விட்டுவிட்டாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "எல்லாரும் அதைத்தாம்மா விடறாங்க" என்றாள்.

பதின்மூன்று வயது இப்போதுதான் ஆனது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

மானிட்டர்


மார்ச் 24

அன்புள்ள மானிட்டருக்கு,

கோபப்படவில்லை. உன் கடிதம் வந்த அன்று ஒரு தட்டு பன்னைக் கருக்கிவிட்டேன், அவ்வளவுதான். புது அடுப்பிலும் கருக்க முடியும் என்று முதலாளிக்குக் காட்டினேன்.

நம் எட்டாவதை நினைத்துப் பார். மாடி வகுப்பு, ஆடுகிற பெஞ்சு. ஒன்பதாவதுக்காரர்கள் முகம் வெளுத்துப்போய்ப் புத்தகத்தோடு நடப்பார்கள். நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை. அறிவியல் டீச்சர் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, பள்ளியில் எங்கே வைத்தால் முதலில் பூஞ்சை பிடிக்கிறது பாருங்கள் என்றாரே. குழாயடியில் ஒன்று, பீரோ மேல் ஒன்று. நான் யாருக்கும் தெரியாமல் ஹெட்மாஸ்டர் மேஜை டிராயரில் ஒன்று வைத்தேன். வகுப்பு மானிட்டர் நீ பார்த்துவிட்டாய். காட்டிக்கொடுப்பாய் என்று நினைத்தேன். நீயோ, "இதையும் எழுதிக்கணுமா?" என்று கேட்டாய். என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு அது. முதலில் பூஞ்சை பிடித்ததும் அந்த டிராயரில்தான். அன்று சிரித்ததில் உனக்கு விக்கல் எடுத்துவிட்டது. மாவு ஏன் புளிக்கிறது, ஏன் உப்புகிறது என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். பரீட்சைக்கு அது வரவே இல்லை.

அப்படி ஒரு வருஷம் அவளுக்கு வேண்டாமா? போகட்டும், லீவையாவது கொடு. அவளோடு இருக்க எனக்கு வேறு நாள் ஏது?

பேக்கரிக்காரன்


மார்ச் 31

பேக்கரிக்காரருக்கு,

விக்கல் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. உன் கடிதத்தை பஸ்ஸில் படித்துத் தனியாகச் சிரித்தேன், பக்கத்து சீட் அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

எட்டாவதைச் சொன்ன நீ ஒன்பதாவதைச் சொல்லவில்லையே. எல்லாப் பாடமும் மொத்தமாகத் தலையில் வந்து விழுந்தது. போனால் போகிறது என்று நீ விட்டுவிட்டாய். உன்னால் முடிந்தது. நான் டாக்டராக வேண்டும் என்று துடித்தவள். மார்க் எட்டவில்லை. இன்று டாக்டர் எழுதித் தருகிற சீட்டைப் பார்த்து ரத்தம் எடுக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அந்த ஒரு வருஷத்தைத்தான் அவளுக்குக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. வலிக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு ஏழு மணிக்கு விட்டால் அவளை யார் கூட்டிவருவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். என் ஷிப்ட் முடிய ஒன்பதாகும். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் இதே பாடுதான். அப்போதெல்லாம் நீ எங்கே? நீ லீவுக்கு மட்டும் அப்பா. சைக்கிள், ஆற்றில் குளியல், சுடச்சுட பன். நல்ல அப்பாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லீவு போனால் அப்பாவும் போய்விடுகிறார், பார்.

மானிட்டர்


ஏப்ரல் 10

அன்புள்ள மானிட்டருக்கு,

வலித்தது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன். மறுத்து எழுத நாலைந்து வரி தோன்றியது. எழுதிப் பார்த்தால் எல்லாம் சப்பைக்கட்டு.

ரொட்டி தின்னாத ஊர் இல்லை. உங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரியில் ஆள் கேட்கிறார்கள். சம்பளம் கம்மி. ஆனால் விடியுமுன் போனால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும், சாயங்காலம் முழுக்க நான் வெட்டி. பக்கத்திலேயே ஓர் அறையும் பேசிவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன்.

ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். வீட்டுப் படி வரை கொண்டுவந்து விட்டுத் திரும்பிவிடுவேன், மேலே ஏற மாட்டேன். படிப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வேண்டாம் என்றால் எழுது.

பேக்கரிக்காரன்


ஜூன் 24

பேக்கரிக்காரருக்கு,

இதை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டாள் என்று நம்புவோம்.

போன வெள்ளிக்கிழமை டீச்சருக்கு உடம்பு சரியில்லை, சாயங்கால வகுப்பு இல்லை என்று பள்ளியிலிருந்து எனக்குச் செய்தி வந்திருந்தது. ஷிப்ட் முடிந்துதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் மகாராணி மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "கிளாஸ் எப்படிடி இருந்துச்சு?" என்றேன். "நல்லா இருந்துச்சும்மா." கண்ணை இமைக்காமல் சொன்னாள். போனைக் காட்டினேன். அழுதுவிட்டாள். "அப்பாவைத் திட்டாதம்மா, நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

நாலு மணிக்கே உன் அறைக்கு வந்துவிட்டாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. "மூணு மணி நேரம் ரெண்டு பேரும் என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலைம்மா. மாடிப்படியில உட்கார்ந்து போற வர்ற பஸ்ஸையெல்லாம் பார்த்தோம். அப்பா எதாவது சொல்லிக்கிட்டே இருந்தாரு, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சிருச்சு."

அவள் அப்படிச் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்று அன்று ராத்திரி யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இன்று காலை பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இனி வர மாட்டாள் என்று சொன்னேன். பின்தங்கிவிடுவாள் என்றார்கள். தெரியும் என்றேன். திங்களும் புதனும் ஒழுங்காகப் போக வேண்டும், அதில் நீ குறுக்கே விழாதே. வெள்ளிக்கிழமை உன்னுடையது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

மானிட்டர்