தர்மலிங்கத்தின் மங்குத் தட்டு

சிடாம் கிரி,
ஜப்பான் கணக்கில் 2603 புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கை இராசாத்திக்கு அண்ணன் சின்னையா எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கண் தெரிகிறது, கால் நடக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு அதுவே பெரிய சொத்து.

உனக்கும் அதே நோய் என்று கேட்டதிலிருந்து மனம் நீ இருக்கிற கரங்கான் தோட்டத்துப் பக்கமே சுற்றுகிறது. கண் மங்கலாகிறது என்றாயாம், குதிகாலில் புண் ஆறவில்லை என்றாயாம். அதனால்தான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இது நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பழைய தாள். பின்பக்கம் ஏதோ ஒரு பிள்ளை போட்ட தப்புக் கணக்கு இருக்கும், கண்டுகொள்ளாதே.

ஊசி மருந்து எங்கேயும் இல்லை. சிறுநீரைச் சோதிக்க வைத்திருந்த நீல மருந்தும் தீர்ந்துவிட்டது. இப்போது எறும்புதான் எனக்கு டாக்டர். விடியலில் வாழைமரத்தடிக்குப் போய் வந்து, சற்றுப் பொறுத்து எட்டிப் பார்ப்பேன். எறும்பு வராவிட்டால் நீரில் சர்க்கரை இறங்கவில்லை, அன்றைக்கு எனக்குத் தீபாவளி. நீயும் அப்படியே பார்.

மருந்து கிடைக்காத காலத்தில் சாப்பாட்டைத்தான் மருந்தாக்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்து மணி இப்போது டோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி முந்தி அடிக்கிறது. வயிற்றுக்கு அந்த ஊர் தெரியாது. நீ வெயிலைப் பார்த்துச் சாப்பிடு. வெயில் லயத்துக் கூரையில் இறங்கும்போது கேழ்வரகுக் கூழ் ஒரு குவளை, கெட்டியாக. கேழ்வரகு இல்லையென்றால் பயறு. உன் நிழல் காலடியில் ஒடுங்கும்போது மரவள்ளி, உன் உள்ளங்கை அளவு ஒரே துண்டு, அதற்கு இரண்டு மடங்கு கீரை, கொஞ்சம் நெத்திலி. பொழுது சாயும்போது பாதித் துண்டு, பாகற்காயோ வாழைத்தண்டோ. மரவள்ளி இலையைச் சமைத்தால் நன்றாகக் கொதிக்கவிட்டு முதல் தண்ணீரை வடித்துவிடு. பட்டினியும் கிடக்காதே, அதுவும் ஆகாது.

அளவு ஏன் என்று கேட்பாய். நாற்பது பிள்ளைகள் ஒரே கதவில் முண்டியடித்தால் கதவு பிய்ந்துவிடும். வரிசையில் வந்தால் அதே நாற்பது பேரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். கிழங்குதான் அந்தப் பிள்ளைகள். கீரை வாசலில் நிற்கிற வாத்தியார்.

இன்னொன்று. ஊரெல்லாம் பசித்திருக்கிற காலம். சமைத்த எதையும் கொட்டாதே, பாவம்.

உன் மகன் தர்மலிங்கத்தை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை வேலைக்கென்று சயாமுக்கு லாரியில் ஏற்றிப் போய் ஐந்து மாதமாகிறது. அவன் போகும்போது பார்த்துவிட்டுப் போன உன் உடம்பை அப்படியே வைத்திரு, அம்மா. நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணன் சின்னையா.


சிடாம் கிரி,
2603 கார்த்திகை, புதன்கிழமை.

என் இராசாத்திக்கு,

உன் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா உப்புக்காக இந்தப் பக்கம் வந்தவள், என்னையும் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். இந்தத் தாளை அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். அவள்மேல் கோபப்படாதே. நான் கேட்டதால்தான் சொன்னாள்.

புண் ஆறிற்றா என்று கேட்டேன். இல்லை என்றாள். எறும்பு? "எறும்பா, கல்யாண ஊர்வலம்ண்ணே" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுதியபடி சாப்பிடுகிறாளா என்றேன். அவள் சிரித்தாள். "நீங்க எழுதின தாள சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்குண்ணே. தெனம் கும்பிடுது. அளவுந் தப்பல, உள்ளங்கையில வச்சுப் பாத்துத்தான் கெழங்க வெட்டுது. ஆனா ரெண்டு தட்டுல திங்குதே, அத யாரு கேக்குறது?"

பிறகு எல்லாம் சொன்னாள். உச்சி வேளையில் தர்மலிங்கத்தின் எனாமல் பூசிய நீல விளிம்பு மங்குத் தட்டை நீ கழுவி வைப்பது. இருப்பதில் நல்ல துண்டாக, அவன் சாப்பிடுகிற அளவுக்கே வைப்பது. வாசலில் நின்று ரப்பர் மரங்களைப் பார்த்து அவன் பெயரை ஒரு முறை கூப்பிடுவது. படிக்கல்லில் நிழல் ஏறும் வரை காத்திருப்பது. அப்புறம், ஆறிப்போன அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீயே சாப்பிட்டு முடிப்பது. பாப்பம்மா தடுத்தாளாம். "எம்புள்ள சோத்த நாந் திங்காம நாயா திங்கும்? கொட்டக்கூடாதுன்னு அண்ணனே எழுதியிருக்கு" என்றாயாம்.

அந்த வரி என்னுடையதுதான். இத்தனை வருடம் அடுத்தவர் கணக்கில் தப்புப் பார்த்தவன், என் தாளில் இருந்த தப்பைப் பார்க்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்றுப் பகலில் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். மழை வருமா வராதா என்று ஒரு வெளிச்சம். மரம் சீவுகிறவர்கள் இல்லாததால் ரப்பர் மரங்கள் எல்லாம் லீவு விட்ட பள்ளிக்கூடம் போல நின்றன. எங்கேயோ ரப்பர் காய் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தத்திலேயே நான் உன் வீட்டுக்குள் வந்துவிட்டேன். நடந்த ஞாபகம் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. கூரைத் துளை வழியாக விழுந்த வெயில் தரையில் காசு காசாகக் கிடந்தது. தர்மலிங்கம் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். தலைமுடி வளர்ந்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. தட்டைப் பக்கத்தில் இழுத்தான், ஆனால் கை வைக்கவில்லை. சுற்றிப் பார்த்தான். "அம்மா எங்க மாமா?" என்றான்.

நான் உன்னைத் தேடினேன். கதவுக்குப் பின்னால், வாளியடியில், வாழைமரத்தடியில். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். விழித்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. என் சட்டை நனைந்திருந்தது.

தட்டு வைப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன், இராசாத்தி. வை. கூப்பிடு. நிழல் படியில் ஏறும் வரை காத்திரு. அப்புறம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பாப்பம்மா வீட்டுக்குப் போ. அவள் புருஷன் பிச்சையும் அதே லாரியில்தான் போனான். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கிழங்கை நூல் போட்டு அறுத்துக் கொடுக்கிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. எலும்பு துருத்திய அவள் மணிக்கட்டு சொன்னது.

அவன் பங்கை இன்னொருவருக்குக் கொடுத்தால் அவனை இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று உனக்குப் பயம். எனக்குத் தெரியும், எனக்கும் அந்தப் பயம்தான். ஒன்று சொல்கிறேன், கேள். சயாமில் அந்தப் பாதையோரத்திலும் குடிசைகள் இருக்கும். அங்கேயும் ஒருத்தி சமைத்துவிட்டு, தூரத்தில் இருக்கிற தன் மகனை நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நம் பையன் அவள் வாசலில் போய் நிற்கிறான் என்று வைத்துக்கொள். அவள் தன் மகன் சோற்றைத் தானே சாப்பிட வேண்டும் என்று நீ நினைப்பாயா? அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதானே வேண்டிக்கொள்வாய்.

உன் தட்டில் மட்டும் நான் எழுதிய அளவு இருக்கட்டும். கீரையைக் கூட்டிக்கொள். கால் புண்ணைக் கொதித்து ஆறிய நீரில் கழுவித் துடைத்துத் துணி சுற்று. வெறுங்காலோடு நடக்காதே. மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதும் வாசல் வரை செருப்போடு போ. ஆத்தா ஒன்றும் சொல்லமாட்டாள்.

பழைய தாளில் அந்த ஒரு வரியை நீயே அடித்துவிடு. பென்சில் துண்டு இத்துடன் வருகிறது.

லாரி ஒரு நாள் திரும்பி வரும். அவன் இறங்கி வரும்போது தட்டைக் கேட்கமாட்டான். உன்னைத்தான் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி என்னை விட்டுவிடாதே, அம்மா. கண் தெரிந்து, கால் நடந்து, நீயே வாசலில் நின்று, "இங்கதான்டா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு சொல்லுக்காக நீ நூறு வருடம் இருக்க வாழ்த்துகிற,
உன் அண்ணன்
சின்னையா.