மூன்றாவது மெஷினுக்கு லைசன்ஸ் இல்லை

ஒக். 14, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தெமோதரை ஸ்டேஷனிலிருந்து நடை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

தோட்ட ஆபீஸில் நான் பார்க்கும் சர்வருக்கு லைசன்ஸ் விவரம் கேட்டு பதுளைத் தலைமை ஆபீஸ் மெயில். பெட்டி ஒன்றுதான். உள்ளே மூன்று மெய்நிகர் மெஷின்: சம்பளம், ஸ்டோர், கொழுந்துத் திரை. மூன்றிலும் விண்டோஸ்.

தோட்ட மேனேஜர் பெரிய துரை: "பெட்டி ஒண்ணு, லைசன்ஸ் ஒண்ணு. அப்படியே எழுதுங்க."

அப்படி இல்லையே. நம்மிடம் இருப்பது பெட்டியின் எல்லா புராசசர் கோர்களுக்கும் எடுத்த லைசன்ஸ். அதில் இரண்டு விண்டோஸ் மெஷின்தான் ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமென்றால் முழுப் பெட்டிக்கும் மறுபடி எடுக்க வேண்டும். நீளக் கூரை ஒன்று என்பதால் லயத்து வரிசை வீடுகளில் இருப்பது ஒரே குடும்பமா? இந்தத் தோட்டத்தில் அப்படித்தான் பழக்கம். எங்கள் லயம் முழுக்க இன்னும் ஒரே விலாசம்.

மூன்று என்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒக். 15, புதன்

பதுளையிலிருந்து பதில்: இன்னொரு லைசன்ஸ் எடுக்க முடியாது, ஒன்றை நிறுத்தவும். எது என்பது துரை இஷ்டம்.

"கொழுந்துத் திரைய நிறுத்துங்க. அவங்களுக்கு எதுக்கு அது?"

எதுக்கா? பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் முழு எடையும் அதில்தான் தெரியும். சாக்குக்கு, மழைத் தண்ணிக்கு என்று கழிப்பதும் தெரியும். திரை வந்த பிறகு கழிவு குறைந்தது. அதுதான் துரைக்கு எரிச்சல்.

அம்மாவும் பறித்த கொழுந்தை அங்கேதான் நிறுக்கிறாள். சொன்னேன்.

"நீ ஏன்டி மூணுன்னு எழுதுன?" கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நிப்பாட்டட்டும். நான் தராசுகிட்டயே ஒக்காந்துருவேன்."

விட மாட்டேன்.

வாங்க: மெழுகுதிரி, அம்மாவுக்கு முதுகுத் தைலம்.

ஒக். 17, வெள்ளி

வெயில். திரை வெறும் பிரவுசர் பக்கம்தானே, அதற்கு எதற்கு விண்டோஸ்? அந்த மெஷினை அழித்து இலவச லினக்ஸ் போட்டேன். அதற்கு யாரும் லைசன்ஸ் கேட்க முடியாது. தராசோடு பேச மறுத்தது, பாழாய்ப் போனது. சாப்பாடு மறந்தே போச்சு. பின்னேரம் ஒருவழியாக எடை வந்தது.

இப்போது விண்டோஸ் இரண்டே. பதுளைக்கு மெயில், துரைக்குப் பிரதி. பதுளை: "ஓகே."

ஒக். 18, சனி

துரை கூப்பிட்டார். "நிறுத்தச் சொன்னேனே?"

"நிறுத்தச் சொன்னது லைசன்ஸ் இல்லன்னுதானே சேர். இப்ப அதுக்கு லைசன்ஸே வேணாம்."

"பரவால்ல, நிறுத்துங்க."

"நீங்களே மடுவத்துக்கு வந்து, ஏன்னு சொல்லிட்டு நிறுத்துங்க சேர். இப்ப எல்லாரும் கொழுந்தோட நிக்கிறாங்க."

மேசையிலிருந்த தொப்பியை எடுத்தார். ஜன்னல் வழியே மடுவத்துக் கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

அந்த அறையில் எங்கள் லயத்து ஆள் யாரும் உட்கார்ந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.