துடைத்த கை

மார்ச் 2, திங்கள்.
காலையிலேயே புழுக்கம். மேற்கே மலை மங்கலாக. குதிகால் வலி விடவில்லை.

செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவு. சாக்குக்கட்டி கேட்பது. மூக்குக்கண்ணாடிக்குப் புது நூல்.

நாளை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். முன்பெல்லாம் பிள்ளைகள் வரைந்ததைக் காகிதத்தில் காட்டுவோம். சீமையில் சண்டை வந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் காகிதமே இல்லை. இந்த நோட்டில்கூட எழுத்தைப் பொடியாக்கித்தான் எழுதுகிறேன். ஹெட்மாஸ்டர் யோசனை: படத்தைச் சிலேட்டில் வரையட்டும், இன்ஸ்பெக்டர் பார்க்கும் வரை ஒருவரும் அழிக்கக் கூடாது.

ஜன்னலோரம் ஸ்டூல் போட்டுப் பித்தளைச் செம்பு வைத்தேன். இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்திரண்டு பேர் செம்பின் வாயை முழு வட்டமாகப் போட்டார்கள். “வாயி வட்டமாத்தான இருக்கு?” என்கிறான் ஒருவன். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படிப் போடச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

பேச்சி மட்டும் வாயைச் சப்பையாகப் போட்டாள், இருக்கிறபடியே. பிறகு கை தூக்கினாள்.

“டீச்சரம்மா, நெழலு நகந்துகிட்டே இருக்கு. எதப் போட?”

“ஆரம்பிச்சப்ப எங்க இருந்துச்சோ, அதப் போடு.”

போட்டாள். நான் நிழல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இவள்தான் முதல்.

சித்திரையோடு இவளை நிறுத்திவிட்டு வீட்டில் தறிக்கு நூல் சுற்ற வைக்கப்போகிறார் அப்பா. ராஜபாளையத்தில் பெண்பிள்ளைகள் போர்டிங் ஒன்று, செலவில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுத வேண்டும். அவர் அந்தச் செம்பைப் பார்த்தால் போதும்.

மார்ச் 3, செவ்வாய்.
வரவில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் எங்கோ தங்கிவிட்டாராம்.

சிலேட்டுகள் சுவரோரம் வரிசையாக. கணக்கை முற்றத்து மணலில் விரலால் போட்டோம். மூன்றாவது கணக்கு முடிவதற்குள் காற்று முதல் கணக்கைக் கொண்டுபோய்விட்டது. எரிச்சல். ஒருவனை அடித்தேன், தேவையே இல்லாமல்.

மார்ச் 4, புதன்.
இன்றும் வரவில்லை. மணல் கண்ணில் விழுந்து உறுத்தல்.

மத்தியானம் பேச்சியின் அம்மா. பேச்சிக்கும் ஒன்றாம் வகுப்புத் தங்கைக்கும் ஒரே சிலேட்டு, மாற்றி மாற்றி. “சின்னவள ரெண்டு நாளா வெளிய நிக்க வச்சிட்டாக டீச்சரம்மா. செத்த நேரம் குடுங்க, பொறவு தாரேன்.”

கொடுத்தால் படம் போய்விடும். போர்டிங் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு செம்பப் போட்டதுக்கா அம்புட்டும்?” என்றாள். நம்பவில்லை. ஆனாலும் சிலேட்டைக் கேட்காமல் போனாள். என் பழைய சிலேட்டைத் தேடி எடுத்துச் சின்னவளுக்குக் கொடுத்தேன். மூலை உடைந்தது.

சாயங்காலம் ஒத்திகை. எழுந்திரு, வணக்கம், உட்கார். தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டாலும் செய்வார்கள். அந்த ஒன்றில் எனக்குக் கவலையில்லை.

மார்ச் 6, வெள்ளி.
எழுதவே பிடிக்கவில்லை.

பத்தரைக்கு வந்தார். அதற்கு முன்பே அவரவர் சிலேட்டை மடியில் கொடுத்து, யாரும் தொடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். எழுந்தார்கள், வணக்கம், உட்கார்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர், “சிலேட்டை எடுங்க” என்றார்.

சிலேட்டை எடு என்றால் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் பழக்கியது. கோவை இலை, எச்சில், சட்டை நுனி. ஒரு நொடியில் செம்புகள் போயின. ஹெட்மாஸ்டர் வாய் திறந்தபடியே நின்றார்.

பேச்சி மட்டும் துடைக்கவில்லை. சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. வரிசையில் ஒன்று ஒழுங்கில்லாமல் இருந்தால் என் கை தானாகப் போகும். போனது. வாங்கி, முந்தானையால் ஒரே துடை.

துடைத்த பிறகுதான் எதைத் துடைத்தேன் என்று உறைத்தது. பேச்சி அழவில்லை. என் முந்தானையைப் பார்த்தாள்.

வாய்க்கணக்கு கேட்டார். பாதிப் பேர் சொன்னார்கள். விசிட் புத்தகத்தில் எழுதினார்: சிலேட்டுகள் சுத்தம். ஓவியப் பயிற்சிக்கு அத்தாட்சி இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ராஜபாளையம் போய்விட்டார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் சாக்கு. பயம். வெட்கமாக இருக்கிறது.

சாப்பிடவில்லை.

மார்ச் 7, சனி.
வெயில். இன்ஸ்பெக்டர் திங்கள் வரை ராஜபாளையம் பங்களாவில் என்று கேள்வி.

பேச்சியை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினேன். வரமாட்டாள் என்றிருந்தேன். தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் என் செம்பு. இந்த நோட்டில் ஒரு தாள் கிழித்து, பென்சில் கொடுத்தேன்.

அவள் காகிதத்தில் வரைந்ததே இல்லை. முதல் கோடு கோணியதும் விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள். தாள் ஓட்டை. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இன்னொன்று கிழித்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவது.

“இதுல அழிக்க ஏலாது, பேச்சி.”

“தப்பாப் போட்டா?”

“அப்படியே இருக்கும்.”

தாளைத் தடவிப் பார்த்தாள். “அப்ப நல்லாப் போட்டாலும் யாரும் தொடைக்க ஏலாதுல்லா?”

“ஏலாது” என்றேன். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாயைச் சப்பையாகப் போட்டுவிட்டாள். இப்போது நிழலுக்கு வந்திருக்கிறாள். திங்கள் லீவு எழுதிவிட்டு முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோகப் போகிறேன். ஹெட்மாஸ்டரிடம் சொல்லவில்லை. இடம் பற்றவில்லையாம், நிழல் தாளுக்கு வெளியே போகிறதாம். ஒட்டுப்போட இன்னொன்று கேட்கிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் இதுதான் கடைசித் தாள், அடிப்பாதியைக் கிழித்துக் கொ—